படித்தவர் செய்த பொத்தான்

மனித-கணினி ஊடாட்டத்தில் முதுகலை படிப்பவர்களுக்கு ஒரு மூலமந்திரம் உண்டு. 1954இல் பால் ஃபிட்ஸ் வகுத்த விதி அது: இலக்கு பெரிதாகவும் பக்கத்திலும் இருந்தால் கை சீக்கிரம் போய்ச் சேரும். மாணவர்கள் இதை லாகரிதம் போட்டு நிரூபித்து, பயனர் நலனே தம் நலன் என்று ஆய்வேடும் எழுதிப் பட்டம் வாங்குகிறார்கள்.

பிறகு வேலை கிடைக்கிறது. குக்கீ கேட்கும் திரையில் 'எல்லாம் ஏற்கிறேன்' பூசணிக்காய் அளவில் மினுங்குகிறது. 'மறுக்கிறேன்' இரண்டு திரைகளுக்கு அப்பால் சாம்பல் நிறத்தில் பதுங்கியிருக்கிறது. இந்த வித்தைகளுக்கு 2010இல் ஹாரி பிரிக்னல் 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர் வைத்தார். ஏற்பதைப்போல மறுப்பது எளிதாக இல்லை என்று 2022 ஜனவரியில் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோ அபராதம் அறிவித்தது.

பாடத்தை ஒழுங்காகப் படிக்காதவரால் இப்படியொரு பொத்தானைச் செய்திருக்கவே முடியாது.