முளை முந்திக்கொள்கிறது

கேள்வி: கொண்டைக்கடலைச் சுண்டல் தின்றால் வயிறு உப்புகிறது, முளைகட்டித் தின்றால் அவ்வளவு தொல்லை இல்லையே, ஏன்?

பதில்: வயிற்றால் முடியாத வேலையை முளையே முடித்துவிடுகிறது!

பயறுகள் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளை விதைக்குள் சேமித்து வைக்கின்றன. இவற்றிலுள்ள கேலக்டோஸ் கண்ணியை வெட்டும் நொதி, ஆல்ஃபா-கேலக்டோசிடேஸ். மனிதச் சிறுகுடல் அதைச் சுரப்பதில்லை. ஆகவே சர்க்கரை அப்படியே பெருங்குடலுக்கு இறங்குகிறது. அங்கே பாக்டீரியாக்களுக்கு விருந்து. ஹைட்ரஜன், கார்பன் டைஆக்சைடு, சிலருக்கு மீத்தேன். விருந்தின் சத்தம் வெளியே கேட்காமல் இருக்குமா?

விதையிடம் அந்த நொதி உண்டு. முளைவிடும்போது அது சுறுசுறுப்பாகி, இந்தச் சர்க்கரைகளைக் குருத்துக்கு உணவாக்கிவிடும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டினாலும் கொஞ்சம் கழியும்.

ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர் என்ற பூஞ்சையிலிருந்து எடுத்த இதே நொதி மாத்திரையாகவும் கிடைக்கிறது. சாப்பிடத் தொடங்கும்போதே விழுங்கினால்தான் பலன். கேலக்டோசீமியா என்ற பிறவிக் குறை உள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

வயிற்றுக்கு வெளியிலும் இந்த நொதிக்கு மதிப்புண்டு. சர்க்கரை பீட் கிழங்குச் சாற்றில் ராஃபினோஸ் மிகுந்தால் சர்க்கரை சரியாகப் படிகமாகாது. ஜப்பானிய ஆலைகள் இந்த நொதியைக் கொண்டே அதைச் சுக்ரோஸாக மாற்றிக் கூடுதல் சர்க்கரை எடுத்தன.