நிரந்தரப் பயிற்சியாளனின் விண்ணப்பம்

அனுப்புநர்: ஒரு ஃபிட்டர் (பயிற்சி), கம்பெனி பஸ் நிறுத்தம், ஒரகடம்.

பெறுநர்: உயர்திரு திறன் மேம்பாடு மற்றும் தொழில்முனைவோர் அமைச்சகம், புது தில்லி.

பொருள்: பதினோரு ஆண்டுகளாகியும் பயிற்சி முடியாதது – பயிற்சியிலிருந்து ஓய்வு பெறும் வயதை நிர்ணயிக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

தனியார் கம்பெனிகளைத் தொழிற்பயிற்சியில் சேர்த்துக்கொண்டால் இளைஞர்களுக்கு வேலை பெருகும் என்று தாங்கள் மேடைதோறும் சொல்லி வருகிறீர்கள். அந்த மரத்தில் பழுத்த பழம் நான். அழுகுவதற்குள் ஒரு கடிதம் போட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

2014இல் அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் முடித்தேன். ஒரு வருடம் தொழிற்பழகுநர். பிறகு மூன்று வருடம் ‘நீம்’ (NEEM) என்ற பயிற்சித் திட்டத்தில் ட்ரெய்னி. பெயரிலேயே வேம்பு இருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை. அதற்குப் பின் ஒவ்வொரு கம்பெனியிலும் பதினோரு மாதம், ஜூனியர் ட்ரெய்னி. இப்போது சீனியர் ட்ரெய்னி. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் கயிறு நிறம் மாறியிருக்கிறது. மற்றபடி எல்லாம் நலம்.

என் சித்தப்பாவும் அப்ரண்டிஸ்தான். 1980களில் அம்பத்தூரில் சேர்ந்தார். அவர் காலத்தில் அப்ரண்டிஸ் என்றால் நிச்சயதார்த்தம் மாதிரி. தட்டை மாற்றிவிட்டால் கல்யாணம் நடந்துவிடும் என்று நம்பலாம். நான் பதினோரு வருடமாகத் தட்டோடு நிற்கிறேன். போன மாதம் பெண் பார்க்கப் போனபோது, “தம்பி என்ன பண்றாப்ல?” என்று கேட்டார்கள். “கம்பெனியில் பயிற்சி” என்றார் அப்பா. “இத்தனை வருசமாவா? புத்தி கொஞ்சம் மட்டோ?” என்றார் பெண்ணின் தாய்மாமன். கேசரி நன்றாக இருந்தது.

புத்தி மட்டில்லை என்று நிரூபிக்க, 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 18ஆம் பிரிவு, நான் பயிற்சியாளன், தொழிலாளி அல்ல என்கிறது. ஆகவே தொழிலாளர் சட்டங்கள் என்னைத் தீண்டா. ஆனால் 16ஆம் பிரிவின்படி, வேலையில் காயம் பட்டால் தொழிலாளிக்குப் போலவே நஷ்டஈடு உண்டு. ஆக, பத்து விரலும் இருக்கும்வரை நான் மாணவன். ஒன்று குறைந்தால் தொழிலாளிக்குரிய மரியாதை. 22ஆம் பிரிவில், பயிற்சி முடித்தவனுக்கு வேலை தரும் கட்டாயம் முதலாளிக்கு இல்லை என்று முன்பு பச்சையாக எழுதியிருந்தது. 2014இல் திருத்தினார்கள். இப்போது, வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு முதலாளியும் தன் கொள்கையைத் தானே வகுத்துக்கொள்வார். பூனைக்கு மணி கட்டச் சொல்லி மணியைப் பூனையிடமே கொடுத்திருக்கிறீர்கள்.

கம்பெனியைக் குறை சொல்ல மாட்டேன். ஐடிஐயில் பழைய லேத்தைச் சுற்றி இருபது பேர் நின்றோம். ரோபோவை முதன்முதலில் பார்த்தது கம்பெனி லைனில்தான். கற்றும் கொண்டேன். டார்க் கன் பிடித்து நாலு போல்ட் முடுக்குவதை மூன்று நாளில் கற்றேன். மீதி மூன்று வருடமும் அதே நாலு போல்ட்டை முடுக்கினேன். ஐந்தாவது போல்ட் எப்படியிருக்கும் என்று கேட்டதற்கு, அது அடுத்த ஸ்டேஷன் என்றார் சூப்பர்வைசர். இதற்கிடையில், ஐடிஐயில் கற்ற ஃபைலிங் கை மறந்துபோயிற்று. திறன் மேம்பட்டதா என்பதைத் தாங்களே அளந்துகொள்ளவும். என்னிடம் இருந்த வெர்னியரை விற்றுவிட்டேன்.

இங்கே மாநில அரசும் சும்மா இல்லை. டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877.43 கோடி ரூபாயில் 71 அரசு ஐடிஐகளை ‘தொழில் 4.0’ மையங்களாக மாற்றும் திட்டம் போட்டது. இனி பையன்கள் ரோபோவைப் பார்க்க லைனுக்கு வர வேண்டியதில்லை. நல்ல காரியம், மனமாரச் சொல்கிறேன். என் வயிற்றெரிச்சல் ஒன்றுதான்: அந்த வகுப்பறையில் நிரந்தரமாக இருக்கப்போவது ரோபோ.

தங்கள் பக்கத்து வீடான கார்ப்பரேட் விவகார அமைச்சகம் 2024இல் இன்டர்ன்ஷிப் திட்டம் கொண்டுவந்தது. முன்னணி 500 கம்பெனிகள், ஐந்து வருடத்தில் 1 கோடிப் பேர். மாதம் 5,000 ரூபாய் என்றார்கள். அதில் 4,500 அரசு, 500 கம்பெனி. எங்கள் ஊரில் 500 என்பது கல்யாண மொய். வைத்தவர் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். முதல் சுற்றில் 1.27 லட்சம் இடங்கள் இருந்தன. 82,000 அழைப்புகள் போயின. 28,000 பேர் சம்மதித்தார்கள். போய்ச் சேர்ந்தவர்கள் சுமார் 8,700. வெளியூரில் அறை வாடகையும் சாப்பாடும் போக 5,000இல் என்ன மிஞ்சும் என்று மற்றவர்கள் கணக்குப் போட்டிருப்பார்கள். நம் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்று இனி யாரும் சொல்லக் கூடாது. நானும் போயிருப்பேன், ஆனால் அப்போது வயது வரம்பு 24. பயிற்சி பெற்றே பயிற்சிக்கான தகுதியை இழந்தவன் நான்.

கணக்கு வராதது வேறு இடத்தில். தங்கள் கௌஷல் விகாஸ் என்ற திறன் பயிற்சித் திட்டத்தைத் தணிக்கை செய்த சிஏஜி அறிக்கையை 2025 டிசம்பரில் பத்திரிகையில் படித்தேன். பதிவான 95.9 லட்சம் பேரில் 90.66 லட்சம் பேருக்கு, வங்கிக் கணக்கு எண் என்ற கட்டத்தில் பூஜ்ஜியம், அல்லது வெறுமை. இன்னும் சிலருக்கு 11111111111. அந்தக் கடைசித் தோழரைச் சந்திக்க ஆசை. ஒன்றாம் எண்ணை மட்டும் கற்றுக்கொண்டு சான்றிதழ் வாங்கியிருக்கிறார். நான் நாலு போல்ட் வரைக்கும் போனவன்.

ஆகவே தாழ்மையுடன் வேண்டுவது:

1. ‘பயிற்சி பெற்றவர்கள்’ இத்தனை லட்சம் என்று விளம்பரம் செய்யும்போது, ஒரு வருடம் கழித்து வேலையில் நீடிப்பவர்கள் எத்தனை பேர் என்பதையும் பக்கத்திலேயே அச்சிடவும். இடம் போதாதோ என்று அஞ்ச வேண்டாம். எண் சிறியதாகவே இருக்கும்.

2. மூன்று நாளில் கற்கக்கூடிய வேலைக்கு மூன்று வருடப் பயிற்சி தரும் இடத்தை, ‘லைன்’ என்றே பதிவு செய்யவும். மூன்று நாள் உதவித்தொகை போதும். நாலாம் நாளிலிருந்து சம்பளம்.

3. மேற்கண்டவை முடியாதெனில், பயிற்சிக்கு ஓய்வு வயது 58 என்று அறிவிக்கவும். பெண் வீட்டாரிடம் காட்ட ஓர் அரசாணையாவது கையில் இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவான,
சீனியர் ட்ரெய்னி.

பின்குறிப்பு: இதைத் தட்டச்சு செய்தவன் ஜெராக்ஸ் கடைப் பையன். பிழை இருந்தால் பொறுத்தருளவும். “எத்தனை வருசமா இங்க இருக்கே தம்பி?” என்று கேட்டேன். கல்லாவிலிருந்து முதலாளி பதில் சொன்னார்: “பழகுறான் சார்.”