ஏடு எதிரேறிய ஆறு

கேள்வி: வைகையில் திருஞானசம்பந்தரின் ஏடு வெள்ளத்தை எதிர்த்து ஏறியதைக் கடவுள் உண்டு என்பதற்குச் சான்றாகக் கொள்ளலாமா?
(வாசகர், சிம்மக்கல்)

பதில்: கி.பி. 7ஆம் நூற்றாண்டில் நின்றசீர் நெடுமாறன் என்னும் பாண்டியன் முன்னிலையில் நடந்ததாகச் சொல்லப்படும் புனல் வாதத்தை, அதாவது சம்பந்தரும் சமணரும் தத்தம் ஏட்டை ஆற்றில் இட்டு, தீர்ப்பைத் தண்ணீரிடமே விட்டுவிட்ட போட்டியை, விரித்துப் பாடியவர் 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார். இடையில் ஓடிய ஏறக்குறைய 500 ஆண்டு வெள்ளத்தை எதிர்த்து ஏறும் ஏடு வரலாற்றாசிரியரிடம் இல்லை.

எந்தக் கூற்றும் ஒரு கோணத்தில் மட்டுமே மெய், ஆகவே ஒரு பொருளைப் பற்றி ‘உண்டு’, ‘இல்லை’, ‘சொல்ல இயலாது’ என்பன உள்ளிட்ட ஏழு வகையாகப் பேசலாம் என்பது சமணரின் சியாத்வாதம். அதை உடையவர்களே ஒரே வீச்சில் முடிவு காணும் பந்தயத்துக்கு இசைந்தார்கள் என்றால், ஏடு நீரைத் தொடுமுன்பே ஏழில் ஆறு கோணங்கள் தோற்றுவிட்டன.

தோற்ற எண்ணாயிரவர் கழுவேறியதாகப் புராணம் கூறினாலும், கீழக்குயில்குடிச் சமணர் மலையில் 9, 10ஆம் நூற்றாண்டு வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் இருப்பதால், மதுரையில் சமணம் அன்றே முடிந்துவிடவில்லை என்பது உறுதி. அறிவு இதுவரை வரும். ஏடு ஏறியதாகவே நிறுவினாலும் ஏற்றியது சிவனா, சுழலா என்று ஆறு சொல்லாது. ஏறவில்லை என்று நிறுவினாலும் சிவன் இல்லை என்று ஆகிவிடாது.

சோதனையை மீண்டும் நடத்த விரும்புவோர் சிம்மக்கல்லிலிருந்து ஆற்றுக்கு நடந்தே போகலாம். ஆனால் ஏட்டைத் தேடுமுன், வைகை அணையில் தண்ணீர் திறக்கக் கோரி மனுக் கொடுக்க வேண்டியிருக்கும்.