எழுதி ஒட்டி வச்ச களவு

மாப்ளே, லாஸ் வேகாஸ்ல போக்கர் சீட்டு மெஷின் உன் பணத்தைக் களவாண்டுட்டுன்னு நீ போன்ல அழுததை உங்க அத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. "பச்சப்பிள்ளைய ஏமாத்திப்புட்டானுகளே"ன்னு அவளுக்குக் கண்ணு கலங்கிட்டு. ராயல் ஃப்ளஷுக்கு நாலு சீட்டு சேர்ந்து அஞ்சாவது வராமப் போச்சாம், அதுவும் மூணு தடவை. நீ எந்திரிச்ச மறுநிமிசம் ஒரு வெள்ளைக்காரக் கிழவி உக்காந்தாளாம், அவளுக்குக் கொட்டோ கொட்டுன்னு கொட்டிட்டாம். மெஷினுக்குள்ள என்னமோ இருக்குங்கே. இருக்குடே. ஆனா நீ தேடுத இடத்துல இல்ல.

எம்.ஜி.ஆர் 1980-ல எங்க உத்தியோகத்தையே ஒழிச்சுக்கட்டுத வரைக்கும் நான் கர்ணமா இருந்தவன். கணக்குல எங்கன சுரண்டுவாங்கன்னு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். (நான் சுரண்டினேன்னு சொல்லல. சிரிக்காதே.) உன் மதினி வீட்டுக்கு லாஸ் வேகாஸ் வந்திருந்தப்ப பாத்தேன், பால் வாங்கப் போற கடைக்குள்ளயே அந்த மெஷின் வரிசையா நிக்கி. ஏர்போர்ட்டுலயும் நிக்கி. காசு போடாம வேடிக்கை பாத்த ஒரே ஆளு நாந்தான். வேடிக்கை பாக்கவனுக்கு மெஷின் கண்ணாடியில என்ன எழுதியிருக்குன்னு படிக்க நேரம் இருக்கும். உனக்கு எங்க நேரம்? ஓசி பீரு வேற கையில குடுத்துட்டான்.

முதல்ல உன் சந்தேகத்துக்கு மரியாதை குடுத்துருதேன். அது நேத்து முளைச்ச சந்தேகம் இல்ல. 1891-ல நியூயார்க்கு புரூக்ளின்ல சிட்மன், பிட்னு ரெண்டு பேரு கூட்டுக் கம்பெனி ஒரு சீட்டு மெஷின் செஞ்சுது. அஞ்சு உருளை, உருளைக்குப் பத்துச் சீட்டு. கூட்டிப் பாரு, எவ்வளவு? அம்பது. கட்டுன்னா அம்பத்திரண்டுல்லா இருக்கணும்? வழக்கமா இஸ்பேடு பத்தையும் ஆட்டின் ஜாக்கியையும் உருவிப் போட்டுருவாங்க. ராயல் ஃப்ளஷுக்கு ஒரே இனத்துல பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் அஞ்சும் வேணும். நாலு இனத்துல ரெண்டு அங்கனயே செத்துப்போச்சு, வாய்ப்புல பாதி அவுட்டு. ஜெயிச்சவனுக்கும் காசு கிடையாது, பீரு இல்லேன்னா சுருட்டு. எண்ணிப் பாத்தவனுக்கு மட்டும் தெரிஞ்ச களவு அது. குடிக்க வந்தவன் எவன் எண்ணுவான்?

இப்ப உள்ள திரை வச்ச மெஷினை லாஸ் வேகாஸ் இருக்க நெவாடா மாநிலத்துல பரப்பினது சை ரெட்னு ஒரு மிசிசிப்பிக்காரரு. 1970-கள் கடைசியில அவரு ஆரம்பிச்ச கம்பெனிதான் பின்னால ஐ.ஜி.டி.ன்னு பெருசாச்சு. அதுக்குள்ள சட்டமும் முழிச்சுக்கிட்டு. நெவாடாவுல மெஷின் சீட்டுப் படம் காட்டினா, நெசக் கட்டுல ஒரு சீட்டு வர என்ன வாய்ப்போ அதே வாய்ப்புதான் மெஷின்லயும் இருக்கணும். முடிவு எடுத்த பிறகு, ஆளை ஏங்க வைக்கதுக்காக "அடடா, தப்பிட்டே"ன்னு படத்தை மாத்திக் காட்டவும் கூடாது. யுனிவர்சல்னு ஒரு ஜப்பான்காரன் கம்பெனி ஸ்லாட் மெஷின்ல அந்த வேலையைக் காட்டப் போயி, 1980-கள் கடைசியில நெவாடா சூதாட்ட ஆணையத்துக்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு.

இப்ப உன் மூணு தடவைக் கதைக்கு வாரேன். கைக்கு வந்த அஞ்சுல நாலு சீட்டைப் பிடிச்சுக்கிட்டு, மாத்துச் சீட்டு கேட்டு ஒண்ணைக் கழிச்சுப்போட்டே. கட்டுல மிச்சம் எத்தனை? 47. உனக்கு வேண்டியது அதுல ஒண்ணே ஒண்ணு. 47 தடவை கேட்டா 46 தடவை கையை விரிக்கத்தான் செய்யும். நீ மூணாவது தடவையே போலீஸைக் கூப்பிடவான்னு கேக்கே. இஞ்சினீரிங் காலேஜுல உனக்குக் கணக்கு எடுத்தவரு எங்கடே இருக்காரு, ஒரு மாலை வாங்கிப் போடணும்.

கிழவி கதையும் அப்படித்தான். மெஷினுக்குள்ள இருக்க சில்லு, ஆளு உக்காந்தாலும் உக்காராட்டாலும் எண்களை உருட்டிக்கிட்டே இருக்கும். பொத்தானைத் தட்டுத கணத்துல எது நிக்கோ அதான் சீட்டு. அவ தட்டின கணமே நீயும் தட்டியிருப்பேன்னு யாரு சொன்னது? நீ ஒரு மடக்கு பீரு குடிச்சிருந்தாலே கணக்கு மாறிப்போயிருக்கும். அவளுக்கு விழுந்தது அவளுது, மாப்ளே. உன் சொத்து ஒண்ணும் அவ கைக்கு மாறிடல.

சரி, கண்ணாடிக்கு வருவோம். விசயம் அங்கதான் கிடக்கு. சந்தையில தரகன் துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு மாட்டுக்கு வெலை பேசுவான் பாத்தியா, ஸ்லாட் மெஷின் அந்த மாதிரி. எந்தப் படம் எத்தனைக்கு ஒரு தடவை விழும்னு வெளிய நிக்கவனுக்குத் தெரியாது. சீட்டு மெஷின்காரன் துண்டையே உதறித் தோள்ல போட்டுட்டான். 52 சீட்டுன்னு தெரியும், எந்தக் கைக்கு எவ்வளவுன்னு கண்ணாடியில எழுதியிருக்கான், பிறகென்ன, பென்சில் இருந்தா அவன் தரகை நீயே கண்டுபிடிச்சிரலாம்.

'ஜாக்ஸ் ஆர் பெட்டர்' ஆட்டத்துல ரெண்டே வரியைப் பாரு: ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணுல மூணு, இன்னொண்ணுல ஜோடி), ஃப்ளஷ் (அஞ்சும் ஒரே இனம்). ஒரு நாணயத்துக்கு 9-உம் 6-உம்னு போட்டிருந்தா, அஞ்சு நாணயம் போட்டுத் தப்பில்லாம ஆடுதவனுக்கு நூறுல 99.54 திரும்பி வரும். 8-உம் 5-உம்னா 97.30. 6-உம் 5-உம்னா 95. மத்த வரியெல்லாம் அச்சு அசல் ஒண்ணுதான். அதே பொட்டி, அதே சீட்டு, அதே ட்ரிங் ட்ரிங் சத்தம். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு மெஷின் நிக்கும், ஒண்ணு 9, ஒண்ணு 8.

"ரெண்டு காசு வித்தியாசம்தானே மாமா"ங்காதே. கால் டாலர் மெஷின்ல அஞ்சு நாணயம் போட்டா ஆட்டத்துக்கு ஒன்னேகால் டாலர். கை பழகினவன் மணிக்கு 600 ஆட்டம் தட்டுவான், அப்ப 750 டாலர் உள்ள போயி வருது. 9-6-ல சராசரியா மணிக்கு மூன்றரை டாலர் போகும், ஓசி பீருக்கே சரியாப் போச்சு. 8-5-ல 20 டாலர். 6-5-ல முப்பத்தேழரை. நீ உக்காந்தது எதுலன்னு கேட்டேன், "பச்சைக் கலர் மெஷின்"ன்னே.

இந்த 99.54-லயும் ஒரு சூட்சுமம் இருக்கு. அதுல ரெண்டு சதவீதம் ராயல் ஃப்ளஷுக்குள்ள கிடக்கு. அது சுமாரா 40,000 ஆட்டத்துக்கு ஒண்ணு வரும். மணிக்கு 600 தட்டினாலும் 67 மணி நேரம். அதுவும் சராசரிதான், 67 முடிஞ்ச உடனே வந்து கதவைத் தட்டும்னு எதிர்பாக்காதே. அது வராத வரைக்கும் நல்ல மெஷினே கெட்ட மெஷின் மாதிரிதான் தின்னும். நீ அதுலயும் சிக்கனம் பிடிச்சு ஒரு நாணயம் போட்டு ஆடினியாமே? ஒண்ணு போட்டா ராயலுக்கு 250. அஞ்சு போட்டா, அஞ்சு மடங்கு 1,250 இல்ல, 4,000. அதுவும் கண்ணாடியில எழுதியிருக்கு. ஜோடி எட்டு வந்தா துணைக்கு ஒரு ஏஸையும் பிடிச்சு வச்சுக்கிடுவேன்னு வேற பெருமையாச் சொன்னே. துணைக்கு ஆளு தேட அது என்ன ராத்திரிப் பயணமா? ஒரு சீட்டு மாத்துத வாய்ப்பை நீயே வெட்டிப்போட்டுட்டு மெஷின் மேல பழியப் போடுதே.

களவே நடக்கலன்னு நான் சொல்ல மாட்டேன். நடந்திருக்கு, அதுவும் அந்த ஊர்லயே. அமெரிக்கன் காயின்னு ஒரு கம்பெனி ஊருக்குள்ள மெஷின் வச்சு ஆட்டம் நடத்திக்கிட்டு இருந்துது. ராயல் ஃப்ளஷ் மாதிரிப் பெரிய கை விழாதபடி நிரல் எழுதி உள்ள சொருகியிருந்தான். 1989-ல மாட்டினான். லைசென்ஸ் போச்சு, பத்து லட்சம் டாலர் அபராதம். அந்த நிரலை எழுதின ஆளை 1990-ல வீட்டு வாசல்ல வச்சு யாரோ சுட்டுக் கொன்னுட்டாங்க. இதைக் கேட்டு உங்க அத்தை ரெண்டு நாளு உன் போனையே எடுக்க விடல.

அதைவிட ஜோரு ரான் ஹாரிஸ் கதை. இவன் வேலை பாத்ததே நெவாடா கேமிங் கண்ட்ரோல் போர்டுல. மெஷின்ல கள்ளச் சில்லு இருக்கான்னு சோதிக்கப் போற அரசாங்க உத்தியோகஸ்தன். சோதிக்கப் போன இடத்துல கள்ளச் சில்லை வச்சுட்டு வந்தவனும் அவன்தான். நாணயத்தை இன்ன வரிசையில போட்டா பரிசு கொட்டுங்கிறது ஏற்பாடு. 1995-ல அட்லாண்டிக் சிட்டியில கீனோங்கிற நம்பர் ஆட்டத்துல கூட்டாளி லட்சம் டாலர் அடிச்சும் மூஞ்சியில ஒரு சந்தோசத்தைக் காணோம். அதுலயே சந்தேகம் வந்து பிடிச்சுட்டாங்க. நானும் சர்க்கார் சம்பளம் வாங்கினவன், இந்த அளவுக்கு எங்க மூளை ஓடல.

2009-ல உல்டாவா ஒண்ணு நடந்துது. ஐ.ஜி.டி.யோட 'கேம் கிங்' மெஷின்ல ஒரு கோளாறு, ஏழு வருசமா யார் கண்ணுலயும் படாமக் கிடந்துது. குறைஞ்ச காசுல ஜெயிச்ச ஆட்டத்துக்கு, இன்ன இன்ன பொத்தானை அழுத்தினா, பெரிய காசு வாங்கிக்கிடலாம். அதைக் கண்டுபிடிச்ச ஆட்டக்காரனையும் கூட்டாளியையும் பிடிச்சு மத்திய அரசே வழக்குப் போட்டுது. கம்ப்யூட்டர் மோசடியாம். 2013-ல வழக்கை வாபஸ் வாங்கிட்டாங்க. மெஷின் உனக்குக் குடுக்காட்டா அது உன் தலையெழுத்து, கூடக் குடுத்துட்டா கிரிமினல் கேஸு. கோளாறுன்னா பரிசு எல்லாம் ரத்துன்னும் அதே கண்ணாடியில ஒரு வரி இருக்கும், அதையும் நீ பாத்திருக்க மாட்டே.

ஒரே ஒரு இடத்துல உன் சந்தேகம் செல்லும். அமெரிக்காவுல செவ்விந்தியர் நிலத்துல நடக்க சில கேசினோவுல 'கிளாஸ் டூ'ன்னு ஒரு வகை மெஷின் உண்டு. திரையில சீட்டு காட்டும், உள்ள நடக்கது பிங்கோ. எந்தச் சீட்டைப் பிடிச்சே, எதைக் கழிச்சேங்கிறதுக்கு அங்க பெரிய மதிப்பு கிடையாது. அதையும் ஒளிச்சு வைக்கதில்ல, பிங்கோ அட்டை திரையில ஒரு மூலையில இருக்கும். குனிஞ்சு பாக்கணும், அவ்வளவுதான்.

ஆக, நெவாடா மெஷின் யோக்கியமானதுதான் மாப்ளே. அந்த யோக்கியத்தை வச்சே அவ்வளவு உயரக் கட்டடம் கட்டியிருக்கான். அடுத்த தடவை போனா மெயின் ரோட்டுப் பெரிய கேசினோவை விட்டுட்டு உள்ளூர்க்காரன் போற இடத்துல தேடு, 9-6 கிடைச்சாலும் கிடைக்கும். கிடைக்கலேன்னா உன் மதினிக்குப் பால் வாங்கிக்குடுத்துட்டு வீடு போய்ச் சேரு. அப்பவும் மனசு ஆறலேன்னா அந்தக் கண்ட்ரோல் போர்டுல புகார் எழுதிக் குடு. 500 டாலரோ அதுக்கு மேலயோ தகராறுன்னா கேசினோக்காரனே போர்டுக்குத் தகவல் சொல்லணும், அதுக்குக் கீழன்னா உனக்கு விசாரணை கேக்க உரிமை உண்டுன்னு அவன் எடுத்துச் சொல்லணும், அதான் சட்டம். கண்ணாடியில 6-5-ன்னு எழுதியிருந்ததை நான் படிக்கலன்னு மட்டும் அதுல எழுதிராதே.