நாப்பது கெஜம் ஓடிக் காட்டு ராசா

ஏல பேராண்டி, என்.எஃப்.எல்.ங்கிற அமெரிக்கன் ஃபுட்பால் லீக்ல ஒரு டீமுக்கு ஆள் பொறுக்கிக் கொடுக்குத வேலைக்குப் போறேன்னு குதிக்கியாமே? நல்லது. சின்சினாட்டியில பொறந்து, பெங்கால்ஸ் கொடியைப் போத்திக்கிட்டுத் தூங்குத பயலுக்கு வேற என்ன ஆசை வரும்! உங்கப்பன் கம்ப்யூட்டர் படிக்கச் சொல்லுதான். அவன் கெடக்கான். ஓடிப் போயி பந்தைப் பிடிக்குத வைடு ரிசீவரைப் பொறுக்குத சோலி இருக்கே, அதைப் போலச் சொகமான சோலி கெடையாது. தப்பான ஆளையே எடுத்துக் கொடுத்தாலும் ஒருத்தன் உன் சட்டையைப் பிடிக்க மாட்டான். சூட்சுமம் மட்டும் தெரிஞ்சிருக்கணும்.

கையில ஸ்டாப்வாட்ச் இல்லாம வெளிய போகாத. அதான் சூட்சுமம்.

வருசா வருசம் மாசி மாசத்துல இண்டியானாபோலிஸ்ல கம்பைன்னு ஒண்ணு கூட்டுதாவ பாரு, நம்மூரு மாட்டுச் சந்தை தோத்துச்சு. காலேஜ் பயலுவளை அரைக்கால் சட்டையோட நிறுத்தி எடை போட்டு, உசரம் அளந்து, உள்ளங்கையை விரிக்கச் சொல்லி அதையும் அளந்து, குதிக்கச் சொல்லி, ஓடச் சொல்லி! நாமளும் பல்லைப் பிடிச்சுப் பாப்போம், சுழி பாப்போம். ஆனா வெவரமான சம்சாரி ஏர்ல பூட்டி நாலு சால் ஓட்டிப் பாக்காம துண்டுக்குள்ள கையை விட மாட்டான். இங்க எதிராளியே இல்லாத மைதானத்துல 40 கெஜம் நேரா ஓடுனாப் போதும். ஒரு ரிசீவர் முழு ஆட்டத்துல குறுக்க ஆளே இல்லாம நேர்கோட்டுல 40 கெஜம் எத்தனை தடவை ஓடுதான்னு அங்க போயி கேட்டு வைக்காத. வேலை போயிரும்.

2017-ல வாஷிங்டன் யுனிவர்சிட்டிப் பய ஜான் ராஸ் 4.22 வினாடியில ஓடுனான். கம்பைன்ல அதுவரைக்கும் யாரும் ஓடாத வேகம். டிராஃப்ட்டுல, அதான் காலேஜ் பயலுவளை டீமுங்க வரிசையா எடுக்கதுல, உங்க பெங்கால்ஸ் 9-ஆவது ஆளா அள்ளிக்கிட்டு வந்தாவ. மொத வருசம் பூரா எத்தனை பந்து பிடிச்சான்? சொல்லு, வெக்கப்படாத. ஒண்ணுகூட இல்ல. பந்தை வாங்கி ஓடுனதே ஒரே ஒரு தடவை, அதையும் நழுவ விட்டுட்டான். பயலைக் குத்தம் சொல்லக் கூடாது, காயம் மேல காயம் அவனுக்கு.

அதே வருசம் அதே எடத்துல கூப்பர் கப்னு ஒருத்தன், ஈஸ்டர்ன் வாஷிங்டன்ங்கிற சின்ன காலேஜ், 4.62-ல வந்து சேந்தான். ராம்ஸ்காரன் 69-ஆவது ஆளாத்தான் எடுத்தான். 2021 சீசன்ல அந்தப் பய 145 பந்து, 1,947 கெஜம், 16 டச் டவுன். மூணுலயும் லீக்குக்கே மொத ஆளு. பொறவு சூப்பர் பவுல். எதுத்து நின்னது யாரு? சரி சரி, மூஞ்சியைத் தூக்காத. 23-20. ஒண்ணரை நிமிசங்கூட பாக்கி இல்லாதப்போ கடைசி டச் டவுனைப் பிடிச்சவன் பேரையும் தாத்தா வாயாலதான் கேக்கணுமா?

இப்போ யோசி. ராஸை எடுத்தவனை மொதலாளி கூப்பிட்டுக் கேட்டா, "4.22 அய்யா, நீங்களும் பாத்தியளே"ன்னு கையை விரிச்சுட்டு வந்துரலாம். 4.62-காரனை 9-ஆவதா எடுத்து அவன் தேறாமப் போயிருந்தா? மறுநாளே பொட்டியைக் கட்டணும். அந்தக் கடியாரம் ஓடுதவனை அளக்கதுக்குன்னால நினைச்ச? பொறுக்குதவன் சோத்தைக் காப்பாத்துததுக்கு.

பெரிய காலேஜ் பயலாப் பாத்து எழுதிக் கொடுக்கதும் அதே கணக்குதான். 1985-ல ஜெர்ரி ரைஸை எடுக்கதுக்கு முன்ன ரெண்டு ரிசீவர் போயிட்டானுவ. மிசிசிப்பி வேலி ஸ்டேட்டுன்னா அது எங்கன இருக்குன்னே பாதிப் பேருக்குத் தெரியாது. ஓட்டமும் சுமார்னு முணுமுணுத்தாவ. 49-யர்ஸ் கோச் பில் வால்ஷ் ஓட்டல் ரூம்ல டி.வி.யில அவன் ஆட்டத்தைப் பாத்துட்டு, டிராஃப்ட்டுல எடம் மாத்தி முன்னுக்கு வந்து 16-ஆவதா பிடிச்சுட்டாரு. ஆடுன காலம் பூராச் சேத்து 22,895 கெஜம்! இன்னும் ஒருத்தன் கிட்ட நெருங்கலை. பந்து கைக்கு வந்த பொறவு அவனைத் தொரத்திப் பிடிச்சவன் அபூர்வம். நேரா ஓடிக் காட்டச் சொன்னா சுமாரு, பின்னால ஆள் வந்தாப் பறப்பான். இதுக்கு எந்தக் கடியாரத்தைக் கொண்டு போவ?

ஒருவேளை கிறுக்குப் பிடிச்சு, நெசமாவே நல்ல ஆளைக் கண்டுபிடிக்கணும்னு தோணிச்சுன்னா, கேட்டுக்கோ. பந்தைப் பாக்காத, காலைப் பாரு. முழு வேகத்துல போறவன் திரும்பப் போறதை ஒடம்பு முன்னாடியே காட்டிக் கொடுக்கா? நிமிந்து, கையை அகட்டி, குட்டிக் குட்டி எட்டா வச்சான்னா காவக்காரன் மோப்பம் பிடிச்சுருவான். இடுப்பை இறக்கி ரெண்டே எட்டுல நின்னு திரும்புனா, எதிராளி தாண்டிப் போயிருப்பான். அந்த ரெண்டு கெஜ இடைவெளிதான் இந்த ஆட்டத்துல சோறு போடுதது. மொத எட்டுலயே நெஞ்சுல கை வச்சுத் தள்ளுத எதிராளியை எப்படி வெட்டிட்டுப் போறான்னும் பாரு. காலேஜ்ல பல ஆட்டத்துல எதிராளி தள்ளியே நிப்பான். அப்படிப்பட்ட ஆட்டத்தைப் பாத்து நோட்டுல எழுதாத. பொறவு கோட்டோரம். காலேஜ்ல ஒரு கால் உள்ள இருந்தாப் பிடிச்சது செல்லும், இங்க ரெண்டு காலும் வேணும். அங்க ராசாவா இருந்தவன் இங்க அரைச் சாண்ல வெளிய நிப்பான்.

இன்னொண்ணு, காலேஜ்ல அவனை எங்க நிறுத்துனாவளோ அங்க மட்டுந்தான் ஆடுவான்னு முடிவு கட்டிராத. ஜஸ்டின் ஜெஃபர்சன் எல்.எஸ்.யூ.வுல கடைசி வருசம் 111 பந்து பிடிச்சான். அதுல பெரும்பாலும் ஸ்லாட்டுல, உள்பக்கமா நின்னு. ஓரத்துல தாங்குவானான்னு சந்தேகம். 2020-ல ஈகிள்ஸ் 21-ஆவதா ஜேலன் ரேகரை எடுத்தாவ. அடுத்த நிமிசம் 22-ல வைகிங்ஸ் ஜெஃபர்சனை எடுத்து, மொத வருசமே 1,400 கெஜம். ரெண்டு வருசம் கழிச்சு ரேகரையும் ஈகிள்ஸ் வைகிங்ஸுக்கே அனுப்பி வச்சுட்டாவ! தாம்பாளத்துல வச்சுக் கொடுக்காததுதான் பாக்கி.

தாத்தா கடியாரத்தையே திட்டுதான்னு நினைக்காத. டி.கே. மெட்காஃப் 228 பவுண்டு ஒடம்பை வச்சுக்கிட்டு 4.33-ல ஓடுனான். வளைஞ்சு ஓடுத சோதனையில மட்டும் ரொம்பப் பின்தங்கிட்டான், அதனால 64 வரைக்கும் உக்காந்திருந்தான். சியாட்டில்காரன் அவனை வளைய விடலை, நேரா ஓட விட்டான், சோலி முடிஞ்சுது. பய என்ன செய்ய மாட்டான்ங்கிறதை எல்லாரும் எழுதுதாவ, என்ன செய்வான்ங்கிறதை ஒருத்தன் எழுதலை.

உங்க ஆளுவளும் ஒரு தடவை உருப்படியாச் செஞ்சாவ. 2021-ல ஜமார் சேஸ். முந்துன வருசம் முட்டி போன, பந்தை எறியுத ஜோ பர்ரோவைக் காப்பாத்த தடுப்பாளனை எடுங்கன்னு ஊரே கத்துச்சு, இவிய 5-ஆவதா சேஸை எடுத்தாவ. ஆகஸ்ட்டுல பயிற்சி ஆட்டத்துல பந்து பந்தாத் தவற விட்டான். காலேஜ் பந்துல இருக்க வெள்ளைக் கோடு இதுல இல்லன்னு அவன் சொன்னதுக்கு எப்படிச் சிரிச்ச! அந்த வருசமே 1,455 கெஜம். நீ அன்னைக்கே வேலைக்குப் போயிருந்தா, அவன் இந்நேரம் வேற டீம்ல இருப்பான்.

ரிமோட்டை எடு. நேத்து ஒரு பயலை ஆகா ஓகோன்னியே, அவன் ஆட்டத்தைப் போடு. ஹைலைட்ஸ் வேண்டாம்ல, அவனுக்குப் பந்தே வராத ஆட்டமாப் பாத்துப் போடு.