நாற்பது மாதப் பணக்காரன்

திருவண்ணாமலைக்குக் கையில் காசோடு வந்து, அதை என்ன செய்வது என்ற கேள்விக்கு அன்றைக்கே விடை கண்டவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். 1896 செப்டம்பர் 1 அன்று வந்து இறங்கிய வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் கோயிலுக்குப் போனான், மொட்டை போட்டுக்கொண்டான், மிச்சமிருந்த மூன்று ரூபாய்ச் சொச்சத்தை அய்யங்குளத்தில் வீசிவிட்டான். வழியில் கீழூரில் தங்கக் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்திருந்தான். அந்தச் சீட்டையும் கையோடு கிழித்தாயிற்று. பையன் பிற்பாடு, ‘நான் யார்’ என்று விசாரிக்கச் சொன்ன ரமண மகரிஷி ஆனார்.

நான் அவருடைய ஆசிரமத்துக்கு எதிர்ச்சாரியில் இறங்கும் ஒரு தெருவில் குடியிருக்கிறேன். என் பணம் நெஃப்ட்டில் வந்தது. குளத்தில் வீசுவதென்றால் கைபேசியைத்தான் வீச வேண்டும். அதற்கு இன்னும் தவணை பாக்கி இருக்கிறது.

ஒரகடம் பக்கத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் பதினாறு வருஷம் இருந்தேன். வாரமெல்லாம் அங்கே, ஞாயிறு இங்கே. போன வருஷம் எங்கள் லைனையே எடுத்துவிட்டார்கள். ஆட்குறைப்புக்குச் சட்டம் சொல்லும் ஈட்டுத்தொகை, ஒரு வருஷ சர்வீஸுக்கு 15 நாள் சராசரிச் சம்பளம். தொழில் தகராறு சட்டத்தில் 1953-ல் இதைச் சேர்த்தபிறகு தேசத்தில் எவ்வளவோ மாறிவிட்டது. இந்த 15 மட்டும் அசையவில்லை. எங்கள் சங்கத்துக்காரர்கள் தொண்டை வற்றப் பேசி அதை 60 நாள் ஆக்கினார்கள். மறைமலைநகர் ஃபோர்டு ஆலை 2022-ல் மூடப்பட்டபோது தொழிலாளிகள் போராடி வாங்கியது சராசரியாக 130 நாள். பெருமையாக இருக்குமே என்று இதை அம்மாவிடம் சொன்னேன்.

“ஏன்டா, நீ அந்தக் கம்பெனியில சேராம போனே?”

“அதையும்தான் மூடிட்டாங்கம்மா.”

“மூடுறதுன்னா அப்படி மூடணும்.”

கிராஜுவிட்டி தனி. அதில் ஒரு வேடிக்கை உண்டு. மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்குவார்கள். மாதத்துக்கு வேலைநாள் 26 என்பது கணக்கு. எங்கள் வீட்டுக்கு வரும் பால்காரரிடம் இந்தச் சட்டத்தைக் காட்டிப் பார்த்தேன். அவர் 31-லேயே நின்றார்.

எல்லாம் சேர்த்து, வரி போகக் கைக்கு வந்தது 17 லட்சம். வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வருவதற்கு முன்பே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. வேலை போனவனைப் பார்த்துத் துக்கம் விசாரிக்கிறவர்கள் இரண்டு நிமிடத்தில் கிளம்பிவிடுவார்கள். பணம் வந்தவனுக்கு யோசனை சொல்ல வந்தவர்கள் காபி குடிக்காமல் போவதில்லை. என் விஷயத்தில் இரண்டும் ஒரே ஆட்கள் என்பதால் அந்த மாதம் காபித்தூள் செலவு இரட்டிப்பானது.

முதலில் வந்தவர் எதிர்வீட்டு டெலிபோன் சார். 2020 ஜனவரி 31 அன்று பிஎஸ்என்எல்லில் 78,000-க்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் விருப்ப ஓய்வில் வெளியே வந்தார்களே, அதில் இவரும் ஒருவர். முடித்த வருஷம் ஒவ்வொன்றுக்கும் 35 நாள், மிச்சமிருந்த வருஷம் ஒவ்வொன்றுக்கும் 25 நாள் என்று அந்தச் சூத்திரத்தை இன்னும் சகஸ்ரநாமம் மாதிரி சொல்வார். “பயப்படாதீங்க. மியூச்சுவல் ஃபண்டுல போட்டுட்டு அஞ்சு வருஷம் திரும்பியே பார்க்கக்கூடாது” என்றார். அவரால் முடியும். மாதம் பிறந்தால் அவருக்குப் பென்ஷன் வந்து விழுகிறது. பென்ஷன்காரர் சொல்லும் துணிச்சலை நான் பொதுவாக ஏற்பதில்லை.

அடுத்து மச்சான், என் மனைவியின் தம்பி. இவனுடைய கண் எங்கள் மாடி மேல். அந்தப் போர்ஷனை வெளிநாட்டுக்காரர்களுக்கு விடுகிறோம். கார்த்திகை தீபம் முடிந்து டிசம்பரில் வருவார்கள். சைக்கிளை நிறுத்தி மயிலைப் பார்ப்பார்கள். எங்களை நிறுத்தி ‘மௌனமாக இருப்பது எப்படி’ என்று கேட்பார்கள். வந்த 24 மணி நேரத்தில் அவர்கள் தங்கும் விவரத்தை ‘சி ஃபார்ம்’ என்று அரசாங்கத்திடம் பதிவு செய்ய மறந்தால் நமக்கு மௌனம் தானாக வந்துவிடும். பிப்ரவரி வரை வாடகை நடக்கும். பங்குனி வெயில் மலையில் பட்டதும் அத்தனை பேரும் இமயமலைக்கு ஏறிவிடுவார்கள். அப்புறம் மாடியில் குரங்குதான். அது வாடகை தருவதில்லை, ‘சி ஃபார்ம்’ கேட்பதும் இல்லை.

“ஏசி ரூம் ரெண்டு கட்டுங்க மாமா. கீழே விறகடுப்புப் பீட்சா கடை. இந்த ரோட்டுல இட்லி விக்கிறவன் இட்லிதான் விக்கிறான். பீட்சா போடுறவன் பிளாட் வாங்குறான்.”

“ஏப்ரல் மாசம் யாருடா பீட்சா சாப்பிடுவான்?”

“மாமா, நீங்க நெகட்டிவ்வாவே யோசிக்கிறீங்க.”

கிரிவலப் பாதைக்கு அந்தப் பக்கம் மனை பார்த்து வைத்திருப்பதாக ஒருவர். ஆட்டோக்காரத் தம்பி ஒருவர், கார்த்திகை மாதச் சிவராத்திரியில் குபேர லிங்கத்தைக் கும்பிட்டுவிட்டுக் கிரிவலம் போனால் பணம் தானே இரட்டிக்கும் என்றார். பூகோளம் என் பக்கம் இல்லை. எங்கள் தெருவிலிருந்து கிரிவலப் பாதையில் ஏறினால் முதலில் வருகிறவர் எம லிங்கம். குபேரரை எட்டுவதற்கு 14 கிலோமீட்டரில் பாதிக்கு மேல் நடக்க வேண்டும்.

மாதம் இத்தனை சதவீதம் என்று காதில் ஓதியவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரே பெயரைச் சொல்வேன்: ஆருத்ரா. நடராஜரின் திருவாதிரை நட்சத்திரத்தை நிதி நிறுவனத்துக்குப் பெயராக வைத்து, மாதம் 25, 30 சதவீதம் வட்டி என்று சொல்லி, ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடிக்கு மேல் திரட்டியதாக வழக்கு. 2022 மே மாதம் சோதனை நடந்தது. நம் மாவட்டத்து ஆரணியும் செய்யாறும் அதில் நன்றாகவே அடிபட்டன. அந்தப் பெயரைச் சொன்னதும் வந்தவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

இவ்வளவையும் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, ஒரு நாள் பையனின் பழைய கணக்கு நோட்டைக் கொண்டுவந்து உட்கார்ந்தாள். வீட்டுச் செலவு, பள்ளிக் கட்டணம், அம்மாவின் மாத்திரை, கரண்ட் எல்லாம் கூட்டினால் மாதம் 37,000. மாடி வாடகையை எழுதவே இல்லை.

“அது வந்தா வரவு. நோட்டுல ஏத்தாதீங்க.”

அப்புறம் 17 லட்சத்தில் முதல் வேலையாக நகைக்கடனை அடித்தாள், 2,20,000. கடனுக்கு நாம் கட்டும் வட்டி, டெபாசிட்டுக்கு அவர்கள் தரும் வட்டியைவிட அதிகம். இல்லையென்றால் பேங்குக்காரன் எதற்குக் கடை விரிக்கிறான் என்பது அவள் வாதம். “ரமணர் அடகுச் சீட்டையே கிழிச்சுப் போட்டார் தெரியுமா?” என்றேன். “அவர் போட்டிருந்தது அவரோட கடுக்கன். இது எங்க அம்மா போட்ட வளையல்” என்றாள். மிச்சம் 14,80,000. அதை 37,000-ஆல் வகுத்தாள். நாற்பது வந்தது.

“இது லட்சம் இல்லைங்க. நாப்பது மாசம். இனிமே யாரு வந்து கேட்டாலும் எத்தனை மாசம்னு கேளுங்க.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ரூபாய் செல்லாது. மச்சானின் ஏசி அறைகள், கொத்தனார் சொன்ன மதிப்பில், பதினாறு மாதம். பீட்சா அடுப்பு எட்டு. மனை முப்பது மாதம். ‘முப்பது மாசச் சோத்தை மண்ணுல புதைக்கிறதா’ என்று அம்மா ஒரே வரியில் அதைத் தள்ளுபடி செய்தாள். லட்சத்தில் சொன்னபோது சின்னதாகத் தெரிந்த எதுவும் மாதத்தில் சொன்னபோது சின்னதாக இல்லை. எனக்கு மட்டும் ஒரு சங்கடம். புது செருப்பு வாங்கக் கேட்டதற்கு, “முக்கால் நாள் ஆகும், தேவையா?” என்றாள்.

பணத்தைப் போட வங்கிக்குப் போனோம். வங்கி கவிழ்ந்தால் ஒரு ஆளுக்கு ஒரு வங்கியில் வட்டியும் அசலுமாக 5 லட்சம் வரைதான் காப்பீடு என்பதால் மூன்று இடத்தில் பிரித்தோம். ஆட்குறைப்பு ஈட்டுத்தொகைக்கு வருமான வரி விலக்கும் உச்சமாக 5 லட்சம்தான். இந்திய அரசாங்கம் என்னை எந்த வழியில் வந்தாலும் 5 லட்சத்துக்கு மேல் நம்புவதாக இல்லை. படிவத்தில் ‘தொழில்’ என்ற கட்டத்தில் பேனா நின்றது. கவுண்டரில் இருந்த அம்மா கண்ணாடியை இறக்கி, “ஆசிரமத்துக்கு எதிர்ல வீடுன்னு அட்ரஸ் போட்டிருக்கீங்க, ‘நான் யார்’னு இன்னும் தெரியலையா சார்?” என்றார்.

வேலை தேடிக்கொண்டுதான் இருந்தேன். ஸ்ரீபெரும்புதூரில் கூப்பிட்டார்கள், பாதிச் சம்பளத்துக்கு, ஒப்பந்தத்தில். செய்யாறு சிப்காட்டில் ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்றார்கள். இதற்கிடையில் சவரம் செய்வது குறைந்தது. ஆசிரமத்தில் காலை பதினோரு மணி வாக்கில் சாதுக்களுக்குச் சோறு போடுவார்கள். அந்த நேரத்தில் வாசலருகே நிழலில் நின்று நேர்காணலுக்கான அழைப்புக்குக் காத்திருந்தேன். காவி வேட்டிகூட இல்லை, மங்கிப்போன கம்பெனிச் சட்டைதான். ஆந்திரா பக்கத்துப் பெரியவர் ஒருவர் என் கையில் ஐம்பது ரூபாய் நோட்டை வைத்து, காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். வீட்டில் வந்து சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தால், நோட்டை எடுத்து வரவுப் பக்கத்தில் ஏற்றினாள். “சட்டையை மாத்தாதீங்க” என்றாள்.

டெபாசிட் ஒன்றிலிருந்து மாதாமாதம் முதல் தேதி 37,000 என் சேமிப்புக் கணக்குக்கு வரும்படி இப்போது ஏற்பாடு. சம்பளம் என்றுதான் பெயர். எஸ்எம்எஸ் வந்ததும் பழைய ஞாபகத்தில் நெஞ்சு நிமிர்கிறது. தீபாவளிக்குப் போனஸ் கேட்டேன்; நிர்வாகம் மறுத்துவிட்டது. ஒப்பந்த வேலையை ஒத்துக்கொண்டால் பாதிச் சம்பளம் உள்ளே வரும், நாற்பது மாதம் எழுபதைத் தாண்டி நீளும் என்று நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினாள். திங்கட்கிழமை சேர்கிறேன்.

கிளம்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது மச்சான் வந்தான். ஏசி, பீட்சா பேச்சே இல்லை. வண்டி டியூ நிற்கிறதாம். தலையைச் சொறிந்தான்.

“மாமா, கைமாத்தா ஒரு மாசம் கிடைக்குமா? தை பொறந்ததும் திருப்பிடுறேன்.”

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் நோட்டைத் திறக்காமலே சொன்னாள்:

“பிப்ரவரியா குடுங்க. அதுலதான் இருபத்தெட்டு நாள்.”