பந்தியில் பிழைத்தவன்

ஏலே பேராண்டி, செல்லைக் கொல்லுத மருந்து எப்படிக் கொல்லுதுன்னு படிக்கவா வியன்னாவுக்குப் போற? போ, போ. வீட்டுல எறும்புப் பொடி எங்க இருக்குன்னே ஒனக்குத் தெரியாது. நீ வாங்கிப்போட்ட புஸ்தகத்தை நீ தொடல, நான் படிச்சேன். கேட்டுக்கோ.

செத்தவன் என்னத்தச் சொல்லப்போறான்? கல்யாணப் பந்தியில அத்தனை பேருக்கும் வயித்தால போயி, ஒருத்தன் மட்டும் வெத்தலை போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா அவனைத்தான் பிடிக்கணும்: “எதை வே தொடாம விட்டீரு?” இங்கயும் அதே கதைதான்: கோடிக்கணக்கான செல்லை எடுத்து, வைரஸை ஏவி ஒண்ணொண்ணுலயும் ஏதாவது ஒரு மரபணுவை ஒடை. மேல மருந்தை ஊத்து. தப்பிச்சு நிக்கவன்ட்ட எது ஒடைஞ்சிருக்குன்னு பாரு.

ஆனா நம்ம செல்லுல அப்பன் வழி ஒண்ணு, ஆத்தா வழி ஒண்ணுன்னு மரபணு ரெண்டு ரெண்டா இருக்கு. ஒண்ணு ஒடைஞ்சா மத்தது பாத்துக்கிடும். அதனால ரத்தப் புத்துநோய்க்காரர் ஒருத்தர்ட்ட இருந்து வந்த கேபிஎம்7 செல்லைப் பிடிச்சாங்க. அதுல கிட்டத்தட்ட எல்லா குரோமோசோமும் ஒத்தை. (இப்ப கிரிஸ்பர்ங்கிற மரபணுக் கத்தரி ரெண்டையும் சேத்தே வெட்டிருது.)

ஒய்எம்155ன்னு ஒரு மருந்து. சர்வைவின்ங்கிற புரதத்தை அமுக்கித்தான் புத்துச் செல்லைக் கொல்லுதுன்னு பேரு வாங்குனது. 2014-ல வியன்னாக்காரங்க இந்த ஒத்தைச் செல் மேல அதை ஊத்துனாங்க. பிழைச்ச பயக்கள்ட்ட ஒடைஞ்சிருந்தது எஸ்எல்சி35எஃப்2. மருந்தை உள்ள விடுத வாசல்காரன்லே அது! பந்தியில பிழைச்சவன் பாயசத்தைத் தொடாதவன் இல்ல, மண்டபத்துக்குள்ளயே வராதவன்.

நீயா இருந்தா, “கொலைக்குக் காரணம் அகப்பட்டுச்சு”ன்னு அன்னைக்கே கட்டுரை அனுப்பிருப்ப. அவங்க அதோட விடல. உள்ள போன மருந்து டி.என்.ஏ.வைச் சிதைக்குதுன்னும் பாத்தாங்க. இன்னொண்ணு: சர்வைவின் மாதிரி உயிர்நாடியான மரபணுவை ஒடைச்சா, மருந்து ஊத்துததுக்கு முன்னாலயே செல் செத்துரும். அது சாட்சி சொல்ல வராது. வராததைப் பாத்து, அதுக்கும் கொலைக்கும் சம்பந்தமில்லன்னு தீர்ப்பு எழுதிராத.

வாசல்காரனையும் எளக்காரமா நெனைக்காத. எந்தச் செல்லுல அவன் நெறைய இருக்கானோ அங்கதான் இந்த மருந்து நல்லாப் பிடிக்குது. எந்தக் கட்டிக்கு இதைக் குடுத்துப் பாக்கலாம்னு யோசிக்க அது ஒரு துப்பு. குறிச்சு வச்சுக்கோலே, ஒன் ஞாபகசக்தி லட்சணம் எனக்குத் தெரியும்.